குழலிசையில் உருவேற்றலும் பரவசமும்

சிறு சுரத்தொடர் ஒன்றையே பல்காலும் திரும்ப இசைத்துக் கேட்போர் உள்ளத்தைப் பற்றிக்கொள்ளும் ஒருவகை இசை, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் தோன்றி, இன்று மேனாடுகள் பலவற்றினும் பயின்று வருகின்றது. அவ்விசையில் குழலுக்கு அமைந்த இடம் சிறிதன்று. அதனைக் கேட்டு மகிழ்ந்தார் பலர், அது தம்மைப் பரவசத்தில் ஆழ்த்தியது என்பர். அதனை வெறுத்தாரோ, அது அறிவை மழுக்கி உறக்கந் தருவது என்பர். புகழ்ந்தாரும் இகழ்ந்தாரும் ஒன்றில் உடன்பட்டிருத்தல் நோக்கற்பாலது. திரும்பத் திரும்ப ஒலித்தல் என்னுங் காரணம் உளதாயின், தன்னை மறத்தல் என்னுங் காரியம் தானே நிகழும் என்பதே அவ்வுடன்பாடு. அக்கொள்கை அவ்விசையின் வரலாற்றோடு பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

பரவசம் என்னுஞ் சொல், தன் வயத்தின் நீங்கிப் பிறிதொன்றன் வயமாதல் எனப் பொருள்படும். அப்பிறிதொன்று யாது என்பதைச் சொல் தானே உணர்த்துவதில்லை. ஆன்மா ஆணவ இருளால் மறைப்புண்டு ஒன்றையும் அறியாது கிடப்பதனைக் கேவலம் என்றும், மலம் நீங்கித் திருவருளில் அழுந்தித் தன்முனைப்பு அற்று நிற்பதனைச் சுத்தம் என்றும் சித்தாந்த நூல்கள் பிரித்துரைக்கும். புறத்தே நின்று காண்பார்க்கு இரண்டும் செயலற்று நிற்றலாகவே தோன்றக்கூடும். ஒன்று அறிவு மறைந்த நிலை. மற்றொன்று அறிவு விளங்கிய நிலை. இசைகேட்டு ஒருவன் அசைவற்றிருந்தான் என்ற அளவானே அவன் எய்தியது யாது என்று துணிதல் கூடாமைக்கு இதுவே காரணம்.

கிளர்ச்சி தந்து மயக்குவது என்னும் பழி ஊதுகருவிகளின்மேல் ஏற்றப்பட்டது அண்மையிலன்று. கி. மு. நான்காம் நூற்றாண்டில் யவன நாட்டு அரிஸ்டாட்டில், தம் அரசியல் நூலின் எட்டாம் பகுதியில், ஆலோஸ் என்னுங் கருவி ஒழுக்கத்தைப் பயிற்றுவதன்று, வெறியாட்டிற்குரிய கிளர்ச்சியை எழுப்புவது என்று கூறி, இளைஞர் கல்வியினின்றும் அதனை விலக்கினார். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பலர் அவ்வாலோஸைக் குழல் என்றே பெயர்த்தெழுதினர். அது பொருந்தாது. ஆலோஸ் நாணற்சீவாளி செறித்து இணையாக ஊதப்படுவது; நாகசுரத்திற்கு உறவாவதன்றி வேய்ங்குழலுக்கு உறவாகாது. ஒரு பெயர்ப்புப் பிழையால் மெல்லோசைக் கருவியாகிய குழல், தனக்கு உரியதல்லாத பழியை நெடுங்காலம் சுமந்தது. அரிஸ்டாட்டில் தாமும், அத்தகைய புனிதப் பண்களால் கிளர்ச்சியுற்றார் பின்னர் மருந்துண்டு நோய் தீர்ந்தார்போல அமைதி எய்துவர் என்று உடன் கூறியிருத்தலைப் பழிப்போர் பெரும்பாலும் நினைப்பதில்லை.

இப்பிழை இருபதாம் நூற்றாண்டிலும் புதுக்கப்பட்டது. மொராக்கோ நாட்டின் வடபால் மலைச்சாரலில் உள்ள ஜஜூக்கா என்னுஞ் சிற்றூரின் இசையை, ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவைச் சேர்ந்த பிரையன் ஜோன்ஸ் 1968-இல் பதிவு செய்தார். அவர் 1969-இல் இறந்தபின், 1971-இல் அஃது இசைத்தட்டாக வெளிவந்தது. தட்டின் பெயர், ஆட்டிடையர் தெய்வமாகிய பானுடைய குழல்களைக் குறிப்பது. ஆயினும் அதில் முழங்குவனவற்றுள் முதன்மையானது கைத்தா என்னுஞ் சீவாளிக் கருவியே. லீரா என்னும் மூங்கிற்குழலும் உடன் உண்டு. போதாக்குறைக்கு, பதிந்த ஒலியைக் கூடத்தில் வைத்துப் பொறிகளால் திரித்தும் விட்டனர். இத்தட்டினைக் கேட்ட மேனாட்டு இளைஞர் பலர், அவ்வூரார் ஆண்டுதோறும் நிகழ்த்தும் சடங்கினை நேரிற் காணாமலே, திரும்ப வரும் இசை எங்கும் எவரையும் ஆவேசப்படுத்தும் என்று நம்பத் தலைப்பட்டனர்.

அந்நம்பிக்கையை முறையாக ஆராய்ந்து மறுத்தவர் கில்பர் ரூழே என்னும் பிரெஞ்சு அறிஞர். இசையும் பரவசமும் பற்றிய அவர் பெருநூல் 1980-இல் வெளிவந்தது. ஆப்பிரிக்கா முதலிய நாடுகளின் ஆவேசச் சடங்குகளைத் தொகுத்து நோக்கி, ஒரே இசை ஓரிடத்து ஆவேசம் வருவிப்பதும் மற்றோரிடத்து வாளா கேட்கப்படுவதும், ஒரே கூட்டத்துள்ளும் சடங்கிற்கு உரியவனுக்கு மட்டுமே ஆவேசம் வருவதும், முழவறைவோன் பெரும்பாலும் தன்னிலை வழுவாது நிற்பதும் எடுத்துக்காட்டினார். ஒலிக்குத் தானே அத்தகைய ஆற்றல் இல்லை. கேட்பவன் எதனை எதிர்நோக்கி, எம்மரபில் நின்று கேட்கின்றான் என்பதே தலையாய காரணம் என்பது அவர் துணிபு. ஆரவாரமும் கூட்டமும் அசைவும் உடையதனை ஒரு பெயராலும், தனிமையும் மோனமும் அசைவின்மையும் உடையதனை வேறொரு பெயராலும் அவர் வழங்கியது மிகப் பயனுடையதொரு பாகுபாடு. ஆயினும் இவ்விரண்டாவதனைப் பற்றி அவர் நூல் சுருங்கவே கூறும். மேனாட்டுப் புதுக் குழலிசையை விளங்கிக்கொள்ளுதற்கு வேண்டுவதோ இரண்டாவதே. இருக்கையில் அமர்ந்து அசையாது கேட்கும் அவையினர்க்கு ஆவேசம் என்னும் பெயர் சிறிதும் இயையாது.

இனி அவ்விசையின் தோற்றம் கூறப்படும். பிரெஞ்சு இசைவாணர் எரிக் சாட்டீ 1893-இல் எழுதிய பியானோக் கீர்த்தனம் ஒன்று ஒரே பக்கத்தில் அடங்குவது. அதன் குறிப்பில் 840 முறை என்ற எண் காணப்படும். அதனை விளையாட்டுச் சொல்லாகவே பலரும் கருதினர். ஜான் கேஜ் என்னும் அமெரிக்கர் 1963-இல் நியூயார்க் நகரில் பியானோ வல்லார் பலரை ஒருவர்பின் ஒருவராக அமர்த்தி அதனை அவ்வெண்படியே வாசிப்பித்தார். பதினெட்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. இக்கேஜ் என்பார் 1946-ஐ அடுத்த காலத்தில், அகமதாபாத்தினின்றும் சென்றிருந்த கீதா சாராபாய் அம்மையார்பால் இந்திய இசை பற்றிக் கேட்டறிந்து, அதற்கு ஈடாக மேனாட்டு இசைநூல் கற்பித்தவர். இசையின் பயன் யாது என்று அவர் வினாவ, மனத்தைத் தெளிவித்து அமைதியாக்கித் தெய்வத் தாக்கத்திற்கு ஏற்புடையதாக்குதல் என்று தம் ஆசிரியர் கூறியதனை அம்மையார் கூறினர் என்பது கேஜ் பலமுறை எடுத்துரைத்த செய்தி. தெளிவித்தல் என்றதனை ஈண்டுக் கருதுக. புதிய இசையினர்க்கு இந்நாட்டினின்றும் சென்ற முதற்சொல் மயக்கத்தைக் குறித்தது அன்று.

அவருக்குப் பின்வந்தோருள் குழலோடு நேர்த்தொடர்புடையவர் பிலிப் கிளாஸ். இவர் இளமையில் பால்ட்டிமோர் நகரத்துப் பீபாடி இசைக் கல்லூரியில் பயின்றது குழலே. பாரிஸ் நகரில் நாதியா பூலான்ஷே அம்மையார்பால் கற்றுவந்த காலத்து, 1965-ஐ ஒட்டி, திரைப்படம் ஒன்றிற்கு ரவிசங்கர் அமைத்த இசையை மேனாட்டுக் குறியீட்டில் எழுதித்தரும் பணி இவருக்கு வாய்த்தது. வழக்கம்போலக் கோடிட்டுத் தாளக்கூறுகளாகப் பிரித்து எழுதினார்; எழுதியதை வாசித்தோர் வேண்டாத இடங்களில் அழுத்தங் கொடுத்தனர்; தபலாவல்லார் அல்லாரக்கா பிழை பிழை என்று மறுத்தார். கோடுகளை அழித்த பின்னரே, இரண்டும் மூன்றுமாகிய சிற்றளவுகள் கூடிக் கூடிப் பெருஞ்சுற்று ஆவதனைக் கிளாஸ் கண்டார். பெரியதொன்றனைச் சிறியனவாகப் பகுத்தலே தாளம் என்று கற்றவர்க்கு, சிறியனவற்றைக் கூட்டிப் பெரியது செய்தல் புதுமையாயிற்று. இந்திய இசையின் தாளமுறை முழுவதும் இவ்வளவே என்று எண்ணுதல் பிழையே. ஆயினும் அப்பிழையும் அவர்க்குப் பயன்பட்டது.

1967-இல் அவர் இரண்டு குழல்களுக்கு ஓர் இசை ஆக்கினார். இசையேடுகள் சதுரவடிவாக நிறுத்தப்பெறும். ஒருவர் சதுரத்தின் அகத்தும் மற்றொருவர் புறத்தும் நின்று, ஏடுகளை நோக்கி நடந்துகொண்டே ஊதுவர். சதுரவடிவில் ஓர் ஆக்கம் என்பதே அதன் பெயர். பேரிக்காய் வடிவில் ஆக்கங்கள் என்று முன்னர்ப் பெயரிட்ட சாட்டீயை நினைந்து இட்டது. 1968-இல் நியூயார்க்கில் கிளாஸும் ஜான் கிப்சனும் அதனை ஊதினர். அக்காலத்து அவர் ஆக்கங்களின் இயல்பு இது: ஒரு தொடர் சிலமுறை திரும்பும், பின்னர் ஒரு சுரம் கூடும், கூடியது திரும்பும், பின்னும் ஒன்று கூடும், அல்லது குறையும். ஊதுவோன் எண்ணுதலை ஒருகணம் விடினும் வழிதவறுவான். இங்ஙனம் எண்ணிக்கொண்டே ஊதுவானைத் தன்னை மறந்தான் என்றல் யாங்ஙனம்?

ஸ்டீவ் ரைஷ் வேறொரு வழியே இதனை அணுகினார். 1964-இல் சான் பிரான்சிஸ்கோ நகரச் சதுக்கத்தில் ஊழிவெள்ளத்தைக் குறித்துக் கிறித்தவப் போதகர் ஒருவர் முழங்கியதனை ஒலிநாடாவிற் பதிந்து, மறு ஆண்டில் அதன் ஒரு துண்டினை இரண்டு பொறிகளில் சுழலவிட்டார். இரண்டும் ஒத்தே ஒலிக்கும் என்று எண்ணியிருக்க, பொறிகளின் நுண்ணிய வேறுபாட்டால் ஒன்று மற்றொன்றினும் சிறிது சிறிதாக முந்தலாயிற்று. ஒரே ஒலி தன்னொடு தான் மாறுபட்டு, எதிரொலியாய், பின் இரண்டு குரலாய், பின் இனம் அறியா ஒலியாய் மாறியதனைக் கேட்ட அவர், திரும்பி வரும் ஒன்று அடுத்த கணத்தில் அதுவேயாய் இராமையினைக் கண்டுகொண்டார். 1967-இல் பியானோ, வயலின் ஆகியவற்றை வாசிப்போர் கையிலும் இதனை வருவித்தார். 1970-இல் கானா நாட்டிற்குச் சென்று முழவு பயின்று, 1971-இல் முழவறைதல் என்னும் பேராக்கத்தை நிறைவேற்றினார். அதன் மூன்றாம் பகுதியில் மணிப்பலகைகள் பல ஒன்றோடொன்று பின்னி ஒலிக்குங்கால், எவரும் தனித்து வாசியாத புதிய தொடர்கள் கேட்போர் செவியில் எழும். அவ்வாறு எழுவனவற்றைச் செவிமடுத்து, பிக்கலோ என்னும் சிறுகுழல் மெல்லத் தொட்டுக் காட்டி மறையும். மனிதக் குரலால் எட்டவியலாத உயரத்தில் கேட்பவன் செய்யும் வேலையைச் செய்துகாட்டும் கருவியாகக் குழல் ஆண்டு அமைந்தது.

குழலுக்கே உரியதாக அவர் ஆக்கியது, ரான்சம் வில்சன் என்னுங் குழல்வல்லார் வேண்ட 1982-இல் இயற்றிய வெர்மாண்ட் கௌண்டர்பாயிண்ட் என்பது. ஆல்டோ என்னும் தாழ்சுருதிக் குழல் மூன்று, பொதுக்குழல் மூன்று, பிக்கலோ மூன்று, தனிக்குழல் ஒன்று ஆகப் பத்துக் குரல்கள் முன்னரே நாடாவிற் பதியப்பெறும். பதினோராம் குரலை ஒருவர் அவையில் நின்று ஊதுவர். ஏறத்தாழ ஒன்பது நிமிடத்தில் முடிவது. இதன் கட்டுக்கோப்பினைச் சிறிது விரித்தல் வேண்டும். ஒரு குழல் தொடங்கிய சிறுதொடரை மற்றொரு குழல் சற்றுப் பின்தங்கி அவ்வாறே தொடர வேண்டும். ஆனால் தொடர் முழுவதையும் உடனே ஊதிவிடாது, முதலில் ஒன்றிரண்டு சுரங்களே. ஏனைய இடங்கள் வெற்றிடம். பின்னர் ஒவ்வொரு வெற்றிடத்தும் ஒரு சுரம் வந்து அமரும். நிறைந்தபின், குரல்களின் பின்னலில் புதிதாக எழுந்த தொடரைத் தனிக்குழல் எடுத்து ஊதும். சூழ நின்ற குரல்கள் தேய்ந்து மறைய, அத்தொடரே அடுத்த பகுதிக்கு வித்தாகும். நான்கு பகுதிகள், சுருதி நான்கு, இடையே காலம் ஒருமுறை தளர்ந்து மீளும்.

ஈண்டு மறவாது கருதற்பாலது ஒன்றுண்டு. திரும்பல் இசை என்று ஊரார் பெயரிட்ட இவ்வகையின் புகழ்பெற்ற குழலாக்கமாகிய இதில், ஒரு தாளக்கூறு மூன்று முறைக்கு மேல் திரும்புதல் அரிது. இதனை ரைஷ் தாமே தம் குறிப்பிற் கூறியுள்ளார். நூறுமுறை ஒன்றனையே கேட்டதாகக் கேட்போர் கருதுவது, உண்மையில் இடையறாது மாறிவந்த ஒன்றனையே என்பது பெறப்படும். மாற்றம் மிக நுண்ணியது. ஆதலின், அதனைப் பற்ற முயலும் செவி கூர்மையடைகின்றது. கூர்மையடையாச் செவிக்கு அது வெறுந் திரும்பலாய்த் தோன்றி உறக்கத்தைத் தருகின்றது. இகழ்ந்தார் கூற்றிலும் உண்மை இல்லாமல் இல்லை. அவர் தம் செவியின் நிலையை இசையின்மேல் ஏற்றிக் கூறினர்.

இவ்விடத்து ஒரு தடை எழும். பொறியில் பதிந்த பத்துக் குரலுக்கு மூச்சு ஏது? குழல் பிற கருவிகளினும் மூச்சுக்கு மிக அடிமைப்பட்டது. வயலினை நாள்முழுதும் இழைக்கலாம். குழல் ஊதுவானோ சில நொடிகளில் வாயெடுத்துக் காற்றுக் கொள்ள வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி வெளிவிட்டுக்கொண்டே மூக்கால் உள்வாங்கும் முறையைக் குழல்வல்லார் பயிலுமாறு ராபர்ட் டிக் என்னும் அமெரிக்கர் 1987-இல் நூலும் எழுதினார். அதனாலும் மூச்சு மறைக்கப்படுவதன்றி ஒழிக்கப்படுவதில்லை. ஒரே தொடரை இருமுறை ஊதினால் முதன்முறை நிறைந்த மூச்சும் மறுமுறை குறைந்த மூச்சும் ஆகின்றன. பொறியின் திரும்பலும் உயிருடையதன் திரும்பலும் பிரியும் இடம் இதுவே. உயிருடையது திரும்புங்கால் ஒவ்வொரு முறையும் புதிதாக முயல வேண்டும்.

இவ்வுண்மையை மிக நெடிதாக நின்று காட்டியவர் மார்ட்டன் பெல்ட்மன். அனத்தோலியா நாட்டு நாடோடி மக்கள் நெய்த கம்பளங்களை இவர் ஆர்வத்துடன் தொகுத்து ஆராய்ந்தார். நூலினைச் சிறிது சிறிதாகவே சாயந்தோய்ப்பர் ஆதலின், ஒரே பூவேலை திரும்ப வருமிடத்துச் சிவப்பு முன்னைச் சிவப்பாய் இராது. உருவும் இம்மியளவு கோணும். சமச்சீர் சற்று முடம்படுதலே அழகுக்குக் காரணம் எனக் கண்டு, அப்பெயராலேயே 1983-இல் குழல், பியானோ, தாளக்கருவி மூன்றிற்கும் ஓர் ஆக்கம் செய்தார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் செல்லும். மூவரும் தத்தம் ஏட்டின்படி வாசிப்பதன்றி ஒருவரோடொருவர் ஒத்துச் செல்லவேண்டும் என்னும் நியதியில்லை. மறு ஆண்டில் தம் பழைய நண்பரும் ஓவியருமாகிய பிலிப் கஸ்டன் பெயரால் அம்மூன்று வகைக் கருவிகளுக்கே மற்றொன்று செய்தார். இந்நண்பர் 1970-இல் தம் ஓவியமுறையை மாற்றிக்கொள்ள, அது குறித்துக் கேட்கப்பட்டபோது பெல்ட்மன் விடைகூறத் தயங்கினார். அத்தயக்கத்தில் நட்பு முறிந்தது. 1980-இல் கஸ்டன் இறந்தார். அவர் பெயரால் எழுந்த இசை நான்கு மணி நேரத்திற்கும் மேற்பட்டது. நான்கு சுரங்கள் தொடக்கத்தில் வருவன, மிகத் தாழ்ந்த ஒலியில், இடம் மாறியும் கால அளவு மாறியும் மீள மீள வரும். முன்வந்ததுதானோ, வேறோ என்று நினைவு தடுமாறும். குழல்வல்லார் மூன்றளவுக் குழல்களை மாற்றி மாற்றி, நான்கு மணி நேரமும் அடங்கிய மூச்சில் ஊதுதல் வேண்டும். அது மயங்கினாற் செய்யக்கூடிய செயலன்று.

ஊதுவோன் விழிப்பும் கேட்போர் பரவசமும் ஒருங்கு நிற்றல் சைவ உலகிற்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய திருத்தொண்டர் புராணத்துள், மழநாட்டு மங்கலத்து ஆயர் குலத்து ஆனாய நாயனார், கார்காலத்துப் பூத்த கொன்றையைக் கண்டு இறைவனையே கண்டாராகி உருகி, திருவைந்தெழுத்தினைக் குழலிற் பொதிந்து ஊதினார் என்பது யாவரும் அறிந்தது. மேய்ந்த ஆனிரை மேய்தலை மறந்தன. கன்றுகள் பால் பருகுதலை ஒழிந்தன. பாம்பும் மயிலும் பகை மறந்து கூடின. இவை கேட்டவற்றின் நிலை. ஊதினவரைக் கூறுமிடத்துச் சேக்கிழார் கூறுவன வேறு. மூங்கில் நூல்முறைப்படி கொள்ளப்பட்டமையும், துளைகளின் அளவும், விரல்கள் திறந்தும் மூடியும் இயங்கிய முறையும், முல்லைப்பண் அமைந்தவாறும், மந்தம் மத்திமம் தாரம் என்னும் மூவிடத்து ஒலி நின்றவாறும் இசைநூல் வல்லார் வியக்குமாறு வகுத்துரைக்கின்றார். அன்பினால் உருகியவர் ஒரு விரலையும் தவறவிடவில்லை. புராணத்தைப் படிப்போர் பெரும்பாலும் ஆனிரையின் மயக்கத்தில் நின்றுவிடுகின்றனர். விரல்களைப் பற்றிய செய்யுட்களை இசைக்கணக்கு என்று விரைந்து கடந்து செல்லுதல் வழக்கமாயிற்று. அது நன்றன்று.

நாயனார் பல்கால் உருவேற்றிய அவ்வைந்தெழுத்துத்தானும் பொருளற்ற ஒலியாக ஓதப்படுவதன்று. உமாபதி சிவனார் திருவருட்பயனில் ஐந்தெழுத்தருணிலை என ஓர் அதிகாரமே வகுத்தார். சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும், நகரம் மறைப்பாற்றலையும், மகரம் மலத்தையும் குறிக்கும். எழுத்து ஐந்தே, நகரம் முதலாக ஓதுங்கால் உயிர் பாசத்தின் பக்கல் நோக்கி நிற்கும் நிலையும், சிகரம் முதலாக ஓதுங்கால் அருளின் பக்கல் நோக்கி நிற்கும் நிலையும் கொள்ளப்படும். நூற்றெட்டு முறை ஓதினும் ஆயிரத்தெட்டு முறை ஓதினும் ஓதுவான் கருத்து யகரத்தின் இடத்தைக் காணாது நழுவுமாயின், எண்ணிக்கை நிரம்புவதன்றிப் பயன் நிரம்பாது. நியூயார்க்கு நகரத்து இசையினர் இதனை அறிந்து செய்தார் என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். அவர் நாடியது இறைவனையன்று, ஒலியின் இயல்பினை. ஆயினும், ஒரே கூறுகள் இடம் மாறி நிற்றலால் பொருள் வேறுபடுதலும், அவ்வேறுபாட்டைத் தொடரும் அறிவு தூங்காமையும் இருதிறத்தும் காணப்படுகின்றன. அறிவு எதன்கண் சென்று அழுந்துகின்றது என்பதிலேயே இரண்டும் பிரிகின்றன.

ரைஷின் குழலாக்கம் இன்று இருமுறையில் இசைக்கப்படுகின்றது. குழல்வல்லார் சிலர், பத்துக் குரலையும் தாமே ஒவ்வொன்றாக ஊதிப் பதிந்துகொண்டு, அவையில் அப்பதிவோடு பதினோராமவராய் நிற்பர். தாம் முன்னர் விட்ட மூச்சினைத் தாமே கேட்டு, அதன் இடைவெளியில் இப்பொழுது சுரம் வைத்தல் வேண்டும். பதிவு எவருக்காகவும் காத்து நில்லாது. வேறு சிலர் நாடாவைத் தவிர்த்துப் பதினொரு குழல்வல்லாரை அரைவட்டமாக நிறுத்துவர். அங்கே தொடக்கத்தில் ஒருவர்க்கு ஒரு தாளக்கூறில் ஒரே சுரம் உரியதாகும். அஃது ஒழிந்த காலமெல்லாம் வாயிற் குழல் வைத்தபடியே, பிறர் ஊதுவதனை எண்ணிக்கொண்டு நிற்பர்.